மாஞ்சா நூலில் ஒரு குரோமோசோம்

பயந்தாங்கொள்ளிகள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். அளவுக்கு மீறித் தயார் செய்தே காரியத்தைக் கெடுப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியில் தற்காலிக விலங்கியல் டீச்சராக இருந்த நான் அந்த வகை. (இப்போதும் அதே வகைதான். சம்பளம் மட்டும் கூடியிருக்கிறது.)

தலைமை ஆசிரியையான சிஸ்டர் ஒருநாள் என் வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் என்ன என்பதை, தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய என் அப்பா முடிவு செய்து வைத்திருந்தார்.

"ஏட்டி, வேலை நிலைக்கலேன்னா அந்த நசரத்பேட்டைப் பையனுக்குச் சரின்னு சொல்லிரணும், கேட்டியா?"

பையனை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அதில் ஸ்கூட்டரைத்தான் தெளிவாக எடுத்திருந்தார்கள்.

சிஸ்டர் வரும் நாளில் பாடம், டிஎன்ஏ குரோமோசோமுக்குள் எப்படி அடங்கியிருக்கிறது என்பது. ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஆளைவிட நீளம். அது கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் சிக்கில்லாமல் இருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகள் மேல் சுற்றி, அந்த மணிக்கோவையை மறுபடி சுருட்டி, மடித்து வைத்திருக்கிறது இயற்கை. புத்தகப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் திருதிருவென விழிப்பார்கள். ஆகவே மாதிரி செய்வது என்று முடிவெடுத்தேன். சனியன் அங்கேதான் பிடித்தது.

ஹிஸ்டோனுக்கு மரமணி வேண்டும். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மணி என்றால் ஒரே இடம்தான், கோயில் வாசலில் செபமாலை விற்கும் கடை. அங்கே உதிரியாக ஒரு கிண்ணம் வாங்கினேன். தையல் நூல் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன் ஜெரால்டு கைகொடுத்தான். குவார்ட்டர்ஸில் பிறந்து மெட்ராஸ் பாஷையில் வளர்ந்தவன். காற்றாடிப் பைத்தியம்.

"இன்னாத்துக்கு கவலப்படுற? எங்கிட்ட நூலு கீது. ரோஸ் கலரு. மாஞ்சா போட்டது, ஏரியாவுல எவனும் அறுக்க முடியாது."

கண்ணாடித்தூள் தடவிய நூல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ரோஸ் நிறம் பளிச்சென்று இருந்தது. விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனேன்.

சிஸ்டர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வைரஸ் தன் மரபுப்பொருளைப் புரதப் பெட்டிக்குள் திணித்து வைக்கிறது, நம் செல் நிதானமாகச் சுற்றி வைக்கிறது என்று தொடங்கினேன். பிறகு, நீளத்தைக் காட்ட நூலின் ஒரு முனையை மேஜைக் காலில் கட்டி, மறுமுனையைக் கைக்குட்டையில் சுற்றி ஒரு மாணவியிடம் கொடுத்துப் பின்னால் அனுப்பினேன்.

சிஸ்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. கிட்டே பார்க்க எழுந்து வந்தார். அவர் குனியாமல் கடக்கட்டும் என்று அந்த மாணவி மரியாதையாக நூலைத் தலைக்கு மேல் தூக்கினாள். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாக நான் சுற்றிப் பழகியும் வராததை ஃபேன் ஒரு நொடியில் செய்தது. நூல் விறைத்து, சிஸ்டரின் இடுப்புப் பக்கமாக உரசிக்கொண்டு ஓடியது. அங்கே தொங்கிய செபமாலை அறுந்தது. மணிகள் தரையெங்கும் உருண்டன. பதறி ஓடியதில் என் முழங்கை பட்டு ஹிஸ்டோன் கிண்ணமும் கவிழ்ந்தது.

வகுப்பே பெஞ்சுக்கு அடியில் புகுந்து பொறுக்கியது. சிஸ்டர் உள்ளங்கை நிறைய மணியோடு என்னைப் பார்த்தார்.

"மிஸ், இதுல எது செபமாலை, எது உங்க ஹிஸ்டோன்?"

"சிஸ்டர்... ரெண்டும் ஒரே கடைதான்."

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மாலையைத் திரும்பக் கோத்தேன். கண்ணீரில் மணியும் தெரியவில்லை, எண்ணிக்கையும் தெரியவில்லை. அண்ணனுக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ஒரே டீலு, செபமாலையே காலி!" என்றான். டீலு என்றால் அவன் பாஷையில் காற்றாடிச் சண்டை. அப்பா நசரத்பேட்டைக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாலையைக் கொடுத்த மறுவாரம் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளைங்ககிட்ட கேட்டேன். டிஎன்ஏவை ஏன் மணியில சுத்தி வெச்சிருக்குன்னு. சுத்தலைன்னா சிக்காயிடும், சிஸ்டர் மாட்டிப்பீங்கன்னு ஒருத்தி சொன்னா. சரியாத்தான் புரிஞ்சிருக்கு. ஜூன்லேருந்து நீங்க பெர்மனென்ட்."

அழுதேவிட்டேன். சிஸ்டர் மாலையை எடுத்துக் காட்டினார். "ஆனா இங்க பத்து மணி இருக்க வேண்டிய இடத்துல பதினொண்ணு கோத்திருக்கீங்க."

"மாத்திக் கொடுத்துடறேன் சிஸ்டர்!"

"வேண்டாம். மணிக்கு ஒரு செபம்தானே, அந்த ஒண்ணை உங்களுக்காகச் சொல்றேன். உங்களுக்குத் தேவைப்படுது."

வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து குடும்ப செபமாலையில் பத்தாவது மணிக்கான 'அருள் நிறை மரியே' செபம் முடிந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமி, "ஹிஸ்டோனுக்கு ஒண்ணு" என்பான். அப்பாவே பிறகு அதற்கும் செபத்தின் மறுபாதியைப் பதிலாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கல்யாணமாகி (ஸ்கூட்டர்காரர் அல்ல) பிள்ளைகள் பிறந்தும் அது நிற்கவில்லை.

முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பில் என் மகளிடம், செபமாலையின் ஒரு பத்துமணிக் கோவைக்கு எத்தனை அருள் நிறை மரியே என்று கேட்டிருக்கிறார்கள். "பதினொண்ணு" என்றாளாம். கடைசி ஒன்று யாருக்கு என்றும் அவளே விளக்கியிருக்கிறாள். பங்குச் சாமியார் என்னை வரச் சொல்லியிருந்தார்.