நார்வே மந்திரியும் மரவள்ளிக்கிழங்கும்

பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். எனக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணி. (பேனா பிடிக்கும் கை என்று எனக்கே ஒரு திமிர்.) வெள்ளைக்காரத் துரையும் அவருடைய நார்வே நாட்டு மனைவியும் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார்கள். அந்த அம்மாளின் பெரியப்பா படம் மட்டும் சுவரில் தங்கிவிட்டது. அதைக் கழற்ற வேண்டுமென்று இந்த மூளைக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் இடுப்பில் வாளோடு ஜப்பானிய அதிகாரி வந்தார். படத்தைக் காட்டி உறுமினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தாமு அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது.

"இங்கிலீஷ்காரனான்னு கேக்குறாரு, தம்பி."

"இல்லண்ணே, நார்வேக்காரரு. மந்திரி."

"நார்வே யாரு பக்கம்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்குறேன்லா! பார்த்துச் சொல்லு, ரெண்டு பேரு தலையும் போயிடும்."

அந்த அம்மாள் தன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒப்பித்தேன். மீனவர் வீட்டுப் பிள்ளை. தேர்தலில் தோற்றுத் தோற்று ஜெயித்தவர். மீன்பிடித் துறை மந்திரி. நாடாளுமன்றத்துக்கும் சைக்கிளில்தான் போவார். பத்திரிகைகளில் அவரைவிட அந்தச் சைக்கிள் பிரபலம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "தன் கையாலயே மரவள்ளிக்கிழங்கு நட்டு ஏழைகளுக்குக் குடுத்தாருண்ணே" என்றும் சேர்த்துவிட்டேன். (அரிசி இல்லாத காலம். மரவள்ளி நடச் சொல்லி ஜப்பான்காரர்களே உத்தரவு போட்டிருந்தார்கள்.)

அண்ணன் அத்தனையையும் ஜப்பானியில் சொன்னார். அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொழிலாளர் எல்லோருக்கும் இதை நான் சொல்ல வேண்டுமென்று கட்டளையிட்டுப் போனார்.

காலையில் என்னை ஒரு நாற்காலிமேல் ஏற்றினார்கள். பக்கத்திலேயே அந்த வாள். "நார்வே பனி கொட்டுற நாடு" என்று தொடங்கி, மந்திரியை மரவள்ளித் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

களை வெட்டும் அஞ்சலை கேட்டாள்: "கிராணியாரே, பனியில மரவள்ளி எப்படி முளைக்கும்?"

அவள் என்ன சொன்னாள் என்று அதிகாரி தாமு அண்ணனை அதட்டினார். அண்ணன் ஜப்பானியில் ஏதோ சொன்னார். அதிகாரியின் கை வாள்பிடிக்குப் போனது. இறங்கி ஓடப் பார்த்தேன். நாற்காலியோடு சரிந்து அவர் காலடியில் குப்புற விழுந்தேன்.

அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர். திருப்தியாகத் தலையாட்டினார்.

அஞ்சலை கேட்டதை, 'அந்த மந்திரியைப் போலத் தானும் மரவள்ளி நட வேண்டுமாம்' என்று அண்ணன் மொழிபெயர்த்திருக்கிறார். விளைவு, துரை பங்களாவின் புல்வெளி முழுவதையும் அஞ்சலையும் நானும் கொத்த வேண்டியதாயிற்று. என் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"நெசமாவே அந்த ஊர்ல முளைக்குமா?" என்று கொத்திக்கொண்டே கேட்டாள்.

"சத்தியமா தெரியாது."

விழுந்து விழுந்து சிரித்தாள். ஜப்பான் சண்டை முடிந்ததும் கல்யாணம் செய்துகொண்டோம்.

பல வருஷம் கழித்து எங்கள் மூத்தவன், நார்வேயின் முக்கியப் பயிர் மரவள்ளி என்று பூகோளப் பரீட்சையில் எழுதிவிட்டு வந்தான். வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். அஞ்சலைதான் போனாள்.

"அவங்க அப்பா பெரட்டுல நின்னு சொன்னது சார். ஜப்பான்காரனே ஒத்துக்கிட்டான், நீங்க ஒத்துக்க மாட்டீங்களா?" என்றாளாம்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இந்தக் கதை, பிறகுதான் தேநீர்.