எட்டாத கிளட்ச்

கிளட்ச் எட்டவில்லை.

தங்கராஜு இடது காலை நீட்டிப் பார்த்தார். கட்டைவிரல் நுனி மிதியில் பட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இடுப்பை முன்னால் சறுக்கினால் கிளட்ச் வந்தது, சாலை போனது. நிமிர்ந்து உட்கார்ந்தால் சாலை வந்தது, கிளட்ச் போனது. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் இன்னும் நான்கு அங்குலம் வளர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அதற்கு வாய்ப்பில்லை.

பிக்கப்பின் பின்னால் மாரியம்மன் முழு அலங்காரத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜெனரேட்டர் ஓடியது. உறுமி மேளம் சூடேறிக்கொண்டிருந்தது. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டம் அது. வேலைக்காக அலோர் காஜாவுக்கும் மலாக்காவுக்கும் போய்விட்ட ஜனமெல்லாம் திருவிழாவுக்குத் திரும்பி வந்து, வண்டி எப்போது கிளம்பும் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

பதினெட்டு வருடமாக இந்த வண்டியில் அம்மனை ஊர்வலம் கொண்டுபோனவர் இதன் சொந்தக்காரர் மணியம். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் காலில் மாவுக்கட்டு. இளவட்டங்கள் எல்லாம் கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டும் லைசன்ஸ் எடுத்தவர்கள். கிளட்ச் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். கோயில் கமிட்டி தவித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் தங்கராஜு வாயைத் திறந்தார்.

"பதினோரு வருசம் தோட்டத்து லோரியில இருந்தவன் நானு. இதெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?"

இருந்தது உண்மை. ஆனால் கெலிண்டானாக. ரப்பர் பால் டின்களை ஏற்றி இறக்கி, லோரி பின்னால் வரும்போது "வரலாம், வரலாம்" என்று பக்கவாட்டில் தட்டிக் கத்துகிற வேலை. மேனுவல் லைசன்ஸும் இருந்தது. கடைசியாகக் கிளட்சை மிதித்தது, அந்த லைசன்ஸ் எடுத்த அன்று. சொந்தக் காரும் ஆட்டோ கியர்தான்.

கமிட்டி அவருக்குச் சிவப்புப் பட்டுத் துண்டு போர்த்தி, "அம்மாவோட சாரதி" என்று கைதட்டிவிட்டது. இனி இறங்க முடியாது.

சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பிடி இருந்தது. இழுத்தார். சீட்டு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பல்தான் ஆடுவதுபோல் இருந்தது.

"என்ன தேடுறீங்க?"

பக்கத்து சீட்டில் பவானேஸ்வரி டீச்சர். கமிட்டிச் செயலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும், அவர் குரல் கேட்டால் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் உள்ளங்கை எரியும்.

"ஒன்னுமில்ல டீச்சர். எண்ணெ ஒழுகுதான்னு பாத்தேன்."

"சீட்டுக்கு அடியிலயா?"

பதினோரு வருட லோரி அனுபவஸ்தன், சீட்டை எப்படி நகர்த்துவது என்று யாரைக் கேட்பது? சன்னலை எட்டிப் பார்த்து மனைவி திலகாவைக் கூப்பிட்டார். "அடியே, நம்ம கார்ல குஷன் இருக்குல்ல? எடுத்துட்டு வா. கேட்டா முதுகு வலின்னு சொல்லு."

மயில் பூ போட்ட குஷன் வந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்தார். கிளட்ச் எட்டியது! ஆனால் தொப்பை ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொண்டது. கிளட்சை அமுக்கும்போதெல்லாம் தொப்பை ஹார்னை அமுக்கியது.

"பாம்ம்ம்" என்று சத்தமிட்டபடி அம்மன் ஊர்வலம் புறப்பட்டது.

"நல்லா கேட்டுக்குங்க," என்றார் டீச்சர், காதைப் பொத்திக்கொண்டே. "அம்மா ஏழு எடத்துல நிப்பா. தோரண வாசல், கிராணி வீடு, பழைய ஆயாக் கொட்டகை... நானே சொல்றேன். அது நாம போட்ட கணக்கில்ல, அவளே காட்டுன எடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அந்த ஏழு இடங்களின் மகிமை தங்கராஜுக்குத் தெரியாததல்ல. பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட "அம்மன் நிக்கிற வீடு" என்றுதான் அந்தந்த வீட்டுக்காரர்கள் முதலில் சொல்வார்கள். தன் வீட்டு முன்னாலும் நிற்க வேண்டுமென்று முனுசாமி வருடா வருடம் மனுக் கொடுப்பார். "அம்மாவத்தான் கேக்கணும்" என்று கமிட்டி வருடா வருடம் திருப்பிக் கொடுக்கும்.

தோரண வாசலில் வண்டி ஒழுங்காக நின்றது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்கு முன்னாலும் நின்றது. ஆனால் ஹார்ன் சத்தத்தில் உறுமிக்காரர்களுக்குத் தாளம் தப்பியது.

"மணியத்தண்ணன் ஓட்டுனா தண்ணியில படகு போறமாதிரி போவும்," என்று வெளியே யாரோ சொன்னார்கள். தங்கராஜுக்குக் காது சூடானது.

குஷனை முதுகிலிருந்து உருவி அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஹார்ன் நின்றது. சாலை ராஜாவுக்குத் தெரிவதுபோல் தெரிந்தது. ஆனால் கால் இரண்டும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் கால்போல் தொங்கின. கிளட்ச் மறுபடியும் பழைய தூரத்துக்குப் போய்விட்டது. எட்டி மிதித்தார், வழுக்கியது. வண்டி ஒரு குதி குதித்தது, எஞ்சின் நின்றது.

நின்ற இடம் கோழிக் கொட்டகை.

பின்னால் அம்மன் சிலை முன்னும் பின்னும் ஆடியது. "அம்மா தலையாட்டுறா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

"இது லிஸ்ட்லயே இல்லியே!" என்றார் டீச்சர்.

தங்கராஜு வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது. "நான் நிறுத்தல டீச்சர். அவதான் நின்னா."

சொன்னதும் உடம்பு கூசியது. அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மன் மேலேயே பழி. நல்லவேளை, கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, ஜெனரேட்டர்தான் தெரிந்தது.

கோழிக் கொட்டகைக்காரர் எங்கிருந்தோ சூடத்தோடு ஓடிவந்தார். அதுவரை கோழியைத் தவிர யாரும் அவர் வாசலில் இத்தனை சத்தம் போட்டதில்லை.

இருநூறு அடி தள்ளி, மூடிக் கிடந்த ரொட்டி சானாய்க் கடை முன்னால் இரண்டாவது முறை நின்றது. பின்னால் வந்த ஆயாக் கொட்டகைக்காரர் ஒருவர், "என்னாங்கடா, கண்ட எடத்துலயும் நிக்கிறா? அப்ப நாங்க நீர்மோர் பந்தல் போட்டதுக்கு என்னா மதிப்பு?" என்று சண்டைக்கு வந்தார்.

சாமி வண்டி ஓட்டுகிறவன் காலில் செருப்பு போடக் கூடாது. கனத்த சப்பாத்து போட்டாவது சமாளிக்கலாம் என்ற வழியும் அடைத்துக் கிடந்தது. தங்கராஜு சுற்றிலும் பார்த்தார். தோளில் பட்டுத் துண்டு. டீச்சர் வெளியே சண்டையை விலக்கிக்கொண்டிருந்த நேரம், குனிந்து அதை நான்காக மடித்துக் கிளட்ச் மிதியில் சுற்றிக் கட்டினார். மிதி இரண்டு அங்குலம் வளர்ந்தது. எட்டியது!

வேலைக்காரர்களின் பிள்ளைகளை ஒரு காலத்தில் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையில் நிறுத்தி எடுத்தார். ஒரு வளைவு தாண்டியது. பட்டு, பட்டின் குணத்தைக் காட்டியது. முடிச்சு அவிழ்ந்து காலைச் சுற்றியது, கால் சறுக்கியது, வண்டி தூக்கிப் போட்டு நின்றது.

முனுசாமி வீட்டு வாசல்.

"தாயே!" என்று ஒரு குரல். முனுசாமி சாலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. "பதினெட்டு வருசமா மனு குடுத்தேன். இன்னிக்கி நீயே வந்துட்டியே..." அறுபது வயது ஆள், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அவர் வீட்டுப் பெண்கள் தட்டில் வைக்க ஒன்றுமில்லாமல், இருந்த இரண்டு வாழைப்பழத்தோடு ஓடிவந்தார்கள்.

டீச்சர் கீழே பார்த்தார். "அது... கோயில்ல போட்ட துண்டா?"

 வகுப்பில் கையை நீட்டி நிற்கிற பையன்போல் தங்கராஜு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் எட்டாத ஒரு கெலிண்டானுக்காக ஒரு மனிதன் மண்ணில் புரண்டு அழுகிறான். அந்தக் கணத்தில் வண்டியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

எப்படியோ மீதி நான்கு இடத்தையும் முடித்துக் கோயில் சேர்ந்ததும், சாவியை எடுத்துக்கொண்டு நேராக மணியம் வீட்டுக்குப் போனார். மணியம் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிப் போட்டிருந்தார். கையில் போன், ஊர்வலம் முழுவதும் நேரலையில் பார்த்திருக்கிறார்.

"நெசத்த சொல்லு தங்கராஜு. அம்மாவா நின்னா?"

"இல்லண்ணே," என்றார் தங்கராஜு. தலை நிமிரவில்லை. "எனக்குக் கிளட்ச் எட்டல. சீட்ட நகத்தவும் தெரியல. நான் லோரி ஓட்டுனவனே இல்ல, கெலிண்டான். பொய் சொல்லி ஏறிட்டேன். அந்த முனுசாமி அழுதத பாத்ததுலேருந்து மனசு கேக்கல. நாளைக்கிக் கமிட்டியில எல்லாத்தையும் சொல்லிட்டு, எல்லார் கால்லயும் விழுந்துர்றேன்."

மணியம் முகம் இறுகியது.  கூரையில் காற்றாடி சுற்றுவதையே பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

மணியத்தின் மனைவி ராஜம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தார். "விழுந்து கிழுந்து தொலைக்காதீங்க தம்பி. அந்தச் சீட்டு நாங்க வண்டிய வாங்குன நாள்லேருந்தே நகராது."

"ராஜம், நீ உள்ள போ," என்றார் மணியம் அவசரமாக.

ராஜம்மா போகவில்லை. முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டு தங்கராஜு பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு மூணு எடத்துலதான எஞ்சின் நின்னுச்சு? மொத வருசம் இவருக்கு ஏழு."