மீட்கப்பட்ட அரை ஊசி

உலகில் நோயை அடியோடு ஒழித்த இடம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் மருத்துவமனையின் அடித்தளம்தான். மேலே ஒன்பது மாடிகளிலும் நோயாளிகள் நிரம்பி வழிகிறார்கள். கீழே சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட நோயாளியாகப் பதிவாகவில்லை. இதைப் பாராட்டி நிர்வாகம் வழங்கிய சான்றிதழ், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலே தொங்குகிறது. ஈரத்தில் எழுத்துகள் கொஞ்சம் கரைந்திருக்கின்றன. மேற்பார்வையாளன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

சாதனையின் ரகசியம் எளிது. நோயாளியாகப் பதிவாக மருத்துவக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுக்கு இந்த நாட்டில் தங்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். எங்கள் ஆட்கள் யாரிடமும் அது இல்லை. ஆகவே நோய் அவர்களை அண்டுவதில்லை. எந்தத் தடுப்பூசியாலும் முடியாததை ஒரு விதி செய்து காட்டியிருக்கிறது.

இந்தச் சாதனைக்கு ஒரே ஒரு முறைதான் ஆபத்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் சித்தப்பா.

அழுக்கு விரிப்புகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும், எனக்கும், அவர் சித்தப்பாதான். பெயரைக் கேட்டால், "எந்த ஆபீசுக்கு சார்?" என்று திருப்பிக் கேட்பார். தங்கும் அனுமதிக்கான அவருடைய விண்ணப்பம் ஏழு ஆண்டுகளாகப் 'பரிசீலனையில்' இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த விரிப்பைச் சித்தப்பா உதறியபோது, அதில் சிக்கியிருந்த தையல் ஊசி அவருடைய வலக்கைக் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கி முறிந்தது. நான் பதறவில்லை. விதிப்படி ஊசியைப் பதிவு செய்தேன். அதற்கு வரிசை எண் இருந்தது, தயாரித்த நாள் இருந்தது, காலாவதி தேதிகூட இன்னும் வரவில்லை. ஊசியின் பத்திரங்கள் அத்தனையும் கச்சிதம். முத்திரையிட்ட டப்பாவில், காவலர் துணையோடு, லிஃப்டில் மேலே அனுப்பிவைத்தேன். சித்தப்பா கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அந்த லிஃப்டில் ஏற எங்கள் ஆட்களுக்கு அனுமதி இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் கை, ரப்பர் கையுறை மாட்டியது போல இருந்தது. கையுறை மாட்டவில்லை. துணி மடிக்கும் அவருடைய மச்சினன் என்னிடம் வந்தான்.

"சார், மச்சானுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. மேல கூட்டிட்டுப் போகணும்."

சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டு, மனிதாபிமான அடிப்படையில் படிக்கட்டு வழியாக நானே அழைத்துப்போனேன். பதிவு மேசையில் இருந்த பெண் மிகுந்த அக்கறையோடு கேட்டாள்.

"உங்க நிலைமை என்ன?"

"கை வீங்கிக் கெடக்கும்மா. மடக்க முடியல."

"அதைக் கேக்கல. இந்த நாட்டுல உங்க நிலைமை."

"அதுவா. அது ஏழு வருஷமா ஆறவே இல்ல."

"பத்திரம் ஏதாவது?"

"பத்திரமாத்தான் இருந்தேம்மா, போன திங்கக்கிழமை வரைக்கும்."

அவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "இதுல நீங்க இல்ல. இல்லாதவருக்கு டோக்கன் தர முடியாது."

"அப்ப இங்க நிக்கிறது யாரு?" என்றான் மச்சினன்.

"வரிசையை அடைச்சுக்கிட்டு நிக்கிறவரு."

கீழே இறங்கினால், எனக்காக ஸ்டோர் அதிகாரி காத்திருந்தார். கையில் நான் அனுப்பிய டப்பா.

"நீங்க அனுப்பினது அரை ஊசி. மீதி அரை எங்க?"

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மயங்கி அவர் காலடியில் சரிந்தார்.

"கால்ல எல்லாம் விழாதீங்க. மீதியைக் குடுத்தா போதும்."

"அது அவர் கைக்குள்ளதான் மேடம் இருக்கு" என்றான் மச்சினன்.

"கையைத் திறக்கச் சொல்லுங்க."

"அதுக்குத்தான் மேடம் மேலயும் கீழயும் அலையிறோம்."

எங்கள் மருத்துவமனையின் வேகத்தை அன்றுதான் கண்டேன். மனிதர் காணாமல் போனால் பொறுத்துப் பார்ப்பார்கள். ஊசி காணாமல் போனால் பொறுக்கமாட்டார்கள். இருபது நிமிடத்தில் ஏழு அதிகாரிகள் கூடினார்கள். சட்ட அதிகாரி சிக்கலை ஒரே வாக்கியத்தில் அவிழ்த்தார்: இந்த ஆளுக்குச் சிகிச்சை தர வழியில்லை, ஆனால் மருத்துவமனைச் சொத்தை மீட்கத் தடையில்லை.

'சொத்து மீட்புப் படிவம்' வந்தது. மீட்க வேண்டிய பொருள்: அரை ஊசி. பொருள் இருக்கும் உறை: ஒன்று. உறையின் தன்மை: மென்மையானது, வெப்பமாக உள்ளது.

அறுவை சிகிச்சைக்கு வந்த டாக்டரம்மா முணுமுணுத்தார். "யார் உடம்புல தைச்ச ஊசியோ. ரத்தப் பரிசோதனை செஞ்சே ஆகணும்."

"ஊசிக்கு ஏது டாக்டர் ரத்தம்?" என்றார் சட்ட அதிகாரி.

"உறைக்கு இருக்கே."

"உறைக்கு அந்தக் கட்டம் இல்ல."

டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. 'உறையைக் கிருமி நீக்கம் செய்தல்' என்ற கட்டத்தைத் தேடிப்பிடித்து, பத்து நாள் மாத்திரை எழுதிவிட்டார். அரை மணி நேரத்தில் ஊசி வெளியே வந்தது. இரண்டு பாதிகளும் ஒன்றுசேர்ந்த காட்சியை ஸ்டோர் அதிகாரி புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

"கை பழையபடி வந்துருமா டாக்டரம்மா?" என்று சித்தப்பா கேட்டார்.

"வந்துரும். பத்து நாளைக்குத் தண்ணி படக்கூடாது."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளன். கூரையைப் பார்த்தேன்.

படிவத்தின் கடைசிப் பக்கம் என் பொறுப்பு. 'உறை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருந்தது. சித்தப்பா சற்றே யோசித்தார். "உறைக்குத்தானே சார், எழுதிக்கோங்க" என்று ஏழு ஆண்டுகளில் முதல் முறையாக, சொந்த ஊரையும் சொந்தப் பெயரையும் சொன்னார். அழகான பெயர்.

அடுத்த கட்டம்: 'பயன்பாடு முடிந்தபின் உறையை (அ) அழிக்கவும் (ஆ) திருப்பி அனுப்பவும்.' நான் இரக்கமுள்ளவன். அடித்தளத்துக்குத் திருப்பி அனுப்புவதாக நினைத்து, இரண்டாவதற்கு டிக் போட்டேன்.

படிவத்தின் நகல் குடியேற்றத் துறைக்குத் தானாகவே போகும் ஏற்பாடு எனக்குத் தெரியாது. புதன்கிழமை காலை இரண்டு பேர் வேனில் வந்தார்கள். விவரங்கள் துல்லியமாகவும் என் கையெழுத்து தெளிவாகவும் இருந்ததால் எந்தத் தாமதமும் ஏற்படவில்லை. சித்தப்பா மாத்திரைப் பொட்டலத்தை மச்சினனிடம் நீட்டினார். "இன்னும் ஆறு நாளைக்கு இருக்கு. யாருக்காவது ஆகும்."

"நீ எடுத்துட்டுப் போ மச்சான். உனக்குத்தான எழுதினாங்க."

"எனக்கு எழுதலடா. உறைக்கு."

சித்தப்பா போய் எட்டு மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு விரிப்புகளில் ஊசி கிடைத்ததாக ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லவில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவின் கவனம் அந்த அளவுக்கு மேம்பட்டிருப்பதாக நிர்வாகம் மகிழ்ச்சி தெரிவித்து, எங்களுக்கு இரண்டாவது சான்றிதழையும் அனுப்பியிருக்கிறது. மச்சினன்தான் ஆணி அடித்து மாட்டினான். சுத்தியலை இடக்கையில் பிடித்திருந்தான். அவனையும் சேர்த்து நான்கு பேர் இப்போது இடக்கையால் வேலை செய்யப் பழகிவிட்டார்கள். வலக்கையில் துணி சுற்றியிருக்கிறார்கள். 'திறன் மேம்பாடு' என்ற தலைப்பில் பதிவு செய்திருக்கிறேன்.

நோயாளி யாரும் இல்லை.