திக்லிபூரில் ஒரு கதகதப்பான வீடு

திக்லிபூர்,
ஜனவரி 8.

மதிப்புக்குரிய சம்பந்தி ஜம்புலிங்கம் அவர்களுக்கும், சம்பந்தி அம்மாள் ருக்கு அவர்களுக்கும் சிவஞானத்தின் வணக்கம். இங்கே நானும் மரகதமும் உங்கள் மாப்பிள்ளை அஸ்வினும் சுகம். குன்னூரில் உங்கள் மகள் உமா மகேஸ்வரியும், நான் இன்னும் கையில் வாங்காத என் பேத்தியும் சுகமாக இருப்பதை வாட்ஸ்அப் படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். இந்த ஊர் நெட்வொர்க்கில் ஒரு படம் திறக்க அரை மணி நேரம் ஆகிறது. முதலில் குல்லா வருகிறது, பிறகு நெற்றி வருகிறது, முகம் வருவதற்குள் லைன் போய்விடுகிறது.

போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீங்கள் பேசி முடித்ததும் வைத்துவிடுகிறீர்கள். பெயர் வைக்கும் விழாவுக்கு நாங்கள் கிளம்பியபோது புயலில் கப்பல் நின்றுவிட்டது. அது யார் குற்றமும் இல்லை. மூன்றாம் மாதம் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் இங்கே அனுப்புவதாகப் பேச்சு. ஆனால் போன மாதம் நீங்கள், "மார்கழிக் குளிரு, கடல் காத்து வேற. பச்சப் பிள்ளைக்கு ஆகாது. பங்குனியில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தமானில் அப்படியொரு குளிர்காலம் கிடையாது, மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மலையில இருக்கிற எங்களுக்குக் குளிரப் பத்தித் தெரியாதா?" என்று கேட்டீர்கள். பெண் கொடுத்தவரோடு தட்பவெப்பம் பற்றி வாதாடுவது முறையல்ல. ஆகவே குளிர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அதை என் வீட்டுக்குள் நுழையவிடாமல் செய்வதென்று முடிவெடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆபீசில் தலைமை எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு இது ஒரு காரியமே இல்லை. பிளாஸ்டிக், நைலான் எதுவும் பிள்ளை மேல் படக்கூடாது என்று உமா சொல்லியிருந்ததால், எல்லாவற்றையும் இந்த ஊர்க்காரர்கள் கையால் செய்ததாகவே பார்த்து வாங்கினேன்.

முதலில் ஆறு ஜன்னல்களுக்கும் மூங்கில் தட்டி. பின்னிக் கொடுத்தவர் இங்கே குடியேறிய ராஞ்சிக்காரர். நூல்கூட நுழையாதபடி நெருக்கமாகப் பின்னச் சொன்னேன். "பாபு, ஹவா கிதர் ஸே ஆயேகா?" என்றார். காற்று எந்தப் பக்கமாக வரும் என்று கேட்கிறார். வரக்கூடாது என்பதற்குத்தான் தட்டியே என்று விளக்கினேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பின்ன ஆரம்பித்தார். கட்டிய அன்றே பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டோம். அடுத்தது தரைக்குத் தென்னை நார் விரிப்பு, சுவருக்குச் சுவர். அதனோடு சாண் நீளத்துக்கு ஒரு பூரானும் வந்து சேர்ந்தது. நீங்கள் பதற வேண்டாம். இரண்டாம் நாளே சூடு பொறுக்காமல் அதுவாகவே வாசல் வழியாக வெளியேறியதை நானும் அஸ்வினும் நேரில் பார்த்தோம். பூரானுக்கே இந்தக் கதி என்றால் குளிர் எம்மாத்திரம்.

பிறகு போர்வை. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஷெஃபாலி, பழைய சேலைகளை அடுக்கி வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டிக் கனமான போர்வை தைப்பார். அவர்கள் அதைக் காந்தா என்பார்கள். நான்கு பழைய சேலை கேட்டார். மரகதம் கோயிலுக்குப் போயிருந்தாள். பெட்டியின் அடியில் கிடப்பதுதானே பழையது என்று அடியிலிருந்து நான்கை உருவிக் கொடுத்தேன். நல்ல சேலைகளைத்தான் அவள் அடியில் வைப்பாள் என்பது கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் கழித்து எனக்குத் தெரியவந்தது. அவற்றில் ஒன்று, பிள்ளைகள் கல்யாணத்தில் சம்பந்தி அம்மாள் மரகதத்துக்கு வைத்துக் கொடுத்த அரக்குப் பட்டு. சம்பந்தி அம்மாள் தவறாக நினைக்கக் கூடாது. அது இப்போது போர்வையின் நடு அடுக்கில், வெயிலோ பூச்சியோ அணுகாமல், பெட்டியில் இருந்ததைவிடப் பத்திரமாக இருக்கிறது. மரகதம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தேன். பிள்ளை குளித்ததும் சாம்பிராணி காட்டுவதற்கென்று மண்பாண்டம் செய்பவரிடம் சொல்லி ஒரு பெரிய தூபக்கால் செய்து வைத்திருந்தேன். தட்டிகளை இறக்கி, கதவைச் சாத்தி, பிள்ளையின் இடத்தில் அஸ்வினைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, தூபக்காலில் கனல் போட்டேன். ஐந்தாவது நிமிடம், "அப்பா, பஸ் கரோ, போதும். உள்ள மூச்சு முட்டுது" என்றான். பச்சைப் பிள்ளை இப்படியெல்லாம் பேசாது என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. பத்தாவது நிமிடம் தகரக் கூரையின் இடுக்கில் புகை கிளம்புவதைப் பார்த்து ஷெஃபாலி அம்மாள் தெருவையே கூட்டிவிட்டார். "தாதா, ஆக் லக் கயா க்யா?" என்று வெளியே சத்தம். நெருப்பெல்லாம் இல்லை, குளிர்காலம் என்று நான் பதில் சொல்வதற்குள் ஏழு வாளித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அஸ்வின் அன்று முதல் தன் நண்பன் வீட்டில் தூங்குகிறான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் சம்பந்தி. அலமாரி மேல் இருந்த வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. குன்னூரில் நீங்கள் ஹீட்டர் போட்டாலும் இது வராது. பேத்திக்கு ஒன்று என்றால் எங்கள் தெரு எவ்வளவு வேகமாக ஓடிவரும் என்பதும் கூடவே நிரூபணமாகிவிட்டது.

ஆகவே குளிர் என்ற காரணம் இனி இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் உமாவையும் பேத்தியையும் தயங்காமல் அனுப்பி வையுங்கள். சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலி குறைய முருகனை வேண்டிக்கொள்கிறேன். உமாவுக்கு எங்கள் ஆசிகள். பேத்தியின் குல்லாவைக் கழற்றிவிட்டு அந்த உச்சந்தலையில் என் பங்குக்கு ஒரு முத்தம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சிவஞானம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மரகதம் இதை வாங்கிப் படித்தாள். "நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. அவங்களுக்குக் குளிருமில்ல ஒண்ணுமில்லீங்க. பிள்ளைய விட மனசு வரல. அத வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு குளிருன்னு சொல்றாங்க. இதுகூடவா உங்களுக்குத் தெரியல?" என்றாள். தெரியவில்லை சம்பந்தி. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் குளிர் என்றுதான் சொல்லியிருப்பேன். மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தட்டிகளை அவிழ்த்துவிட்டேன், வீட்டுக்குள் காற்று வருகிறது. பிள்ளையை இப்போது அனுப்ப வேண்டாம். இருபதாம் தேதிக் கப்பலில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போடச் சொல்லி அஸ்வினை அனுப்பியிருக்கிறேன், நாங்களே வருகிறோம். பேத்தியை ஒருமுறை மடியில் வைத்துக்கொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதுதான் உண்மை. ஒரு வாரத்துக்கு மேல் தங்கமாட்டோம் என்று எழுதச் சொல்கிறாள் மரகதம். பிள்ளையைக் கையில் வாங்கிய பிறகு கிளம்பாமல் இருப்பதற்கு நான் என்ன காரணம் சொல்வேன் என்று எனக்கே தெரியாததால், அதை எழுதவில்லை.