மஞ்சள் பைக்குள் மல்லிகைப்பூ

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு.”

தங்கப்பொண்ணு இப்படி வந்து நின்றதும் சூரியபிரகாஷ் கையிலிருந்த காபி சட்டையில் தளும்பிவிட்டது. மேலூர் ரோட்டில், ஒத்தக்கடை தாண்டி இருக்கும் அந்தக் கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். ‘உயிரிப் பாதுகாப்பு அதிகாரி’ என்று கதவில் பலகையே உண்டு. யார் கையுறை போடவில்லை, எந்த ஃபிரிட்ஜைப் பூட்டவில்லை, எந்தக் கிருமி எந்தத் தட்டில் இருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் அழகரே நேரில் வந்தாலும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வாங்க என்று சொல்லுகிற ரகம்.

தங்கப்பொண்ணு அங்கே பதினாலு வருஷமாக உதவியாளர். பயிற்சி வகுப்பில் சின்னப் பிள்ளைகள் கொட்டாவி விடும்போது, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் வாயில் தப்பு என்ற வார்த்தை வந்தால் சும்மாவா?

“என்னம்மா ஆச்சு?”

“விடியக்காலையில மாட்டுத்தாவணியில இருபது முழம் மல்லி வாங்கினேன் சார். எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. வெயில்ல வாடிருமேன்னு இங்க கொண்டாந்து மூணாம் நம்பர் ஃபிரிட்ஜுல வச்சுட்டேன்.”

“கிருமி ஃபிரிட்ஜுலயா! நீங்களா?”

“புத்தி கெட்டுப்போச்சு சார். பத்து மணிக்கு எங்க வீட்டுக்காரரு வந்து பூவ வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்பத் தொறந்து பாத்தா மேல்தட்டுல ஒரு டியூப் ஒடஞ்சு கெடக்கு. பூ வச்ச தட்டு வரைக்கும் சொட்டியிருக்கு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பிளீச் ஊத்தித் தொடைச்சுட்டேன்.”

சூரியபிரகாஷ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேல்தட்டில் இருப்பது பண்ணைக் கோழிகளிடமிருந்து எடுத்து வளர்த்த பேதிக் கிருமி. ஆளைக் கொல்லாது. ஆனால் ஒரு கல்யாண வீட்டையே மூன்று நாள் கக்கூஸ் வாசலில் வரிசையாக நிற்க வைத்துவிடும்.

அன்றைக்கு அவள் வீட்டில் விசேஷம் என்பது அவருக்குத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் அரை நாள் லீவுக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். மகள் பாண்டீஸ்வரிக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிறார்கள். பெண் பசுமலையில் நர்சிங் இரண்டாம் வருஷம். மாப்பிள்ளை ஜெயபாண்டி, தங்கப்பொண்ணு புருஷனின் கூடப்பிறந்த அக்கா மகன். உரிமைப்பட்ட மாப்பிள்ளை. படிப்பையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று அக்கா சொல்ல, தம்பி சரி என்றுவிட்டார்.

“சரி, பதறாதீங்க. முதல்ல ரேக்ல டியூப்ப எண்ணுவோம். எது ஒடைஞ்சதுன்னு தெரியணும்ல?”

“சார், மணி பதினொண்ணாச்சு. பதினொன்றரைக்குப் பூ வச்சிருவாங்க.”

அவ்வளவுதான், எண்ண நினைத்தவர் எழுந்து ஓடினார். ‘முதலில் எண்ணு, பிறகு ஓடு’ என்று தன் கையேட்டில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவரே அவர்தான். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்காகப் பின்னால் அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்கு அளவில்லை.

ஆய்வுக்கூட ஜீப்பில் அவர், தங்கப்பொண்ணு, டெக்னீஷியன் கிரீஷ் மூவரும் கிளம்பினார்கள். சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பூக்காரம்மாவிடம் இருபது முழம் புதுப்பூ வாங்கினார். பழைய பூவை வாங்கிக்கொண்டு புதுப்பூவைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

தங்கப்பொண்ணு வீட்டு வாசலில் பந்தல். உள்ளே போனால், இருபது முழமும் தட்டில் இல்லை. எப்படி இருக்கும்? வந்த பெண்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ என்று கிள்ளிக் கொடுத்தாயிற்று. எம்புட்டு தலையோ, அம்புட்டு தலையிலும் மூணாம் நம்பர் ஃபிரிட்ஜ் மணந்துகொண்டிருந்தது.

“வாங்க சார், வாங்க!” என்று நல்லகாமன் ஓடிவந்து கையைப் பிடித்தார். தங்கப்பொண்ணு புருஷன். “எங்க வீட்டுக்கு அதிகாரியே வந்துட்டாரு! மாப்ள, சாருக்கு ஒரு சேர் போடு!”

சூரியபிரகாஷ் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, ஒண்ணும் இல்ல. இந்தப் பூ கொஞ்சம் வாடல். புதுசு கொண்டாந்திருக்கேன். எல்லாரும் தலையில இருக்கறத எடுத்துட்டு இத வச்சுக்கிட்டா…”

“என்னது, வச்ச பூவ எடுக்கணுமா?”

கேட்டது கனகலட்சுமி. மாப்பிள்ளையின் அம்மா, நல்லகாமனின் அக்கா. உசிலம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார். “ஏன்டா நல்லகாமா, கட்டுக்கழுத்தியப் பாத்து தலைப்பூவ எடுன்னு சொல்லுவாகளா? இதுதான் ஒன் வீட்டு மரியாதையா?”

“ஐயோ, அப்படியில்லம்மா…”

தங்கப்பொண்ணு அவர் காதோரம் வந்தாள். “சார், பொய் சொன்னா வினையாப் போகும் சார். உண்மையச் சொல்லிருங்க. நீங்கதான வகுப்புல சொல்லுவீங்க, மறைச்சா பரவும்னு.”

அவர் சொன்ன பாடத்தை அவருக்கே திருப்பிச் சொல்கிறாள். பாவம், மகள் விசேஷத்தன்றைக்கும் இவளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று சூரியபிரகாஷ் நினைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, “பூவுல கொஞ்சம் கிருமி பட்டிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல” என்றார்.

கொஞ்சம் என்பதும் பயப்பட ஒண்ணுமில்ல என்பதும் யார் காதிலும் ஏறவில்லை.

“கிருமியா! மறுபடியும் வந்துருச்சா?”

“மாஸ்க் எங்கடி? என் பைக்குள்ள பாரு!”

“பிள்ளையத் தூக்குடி, வெளிய போ!”

பந்தலில் பாதிப் பேர் பூவோடேயே வெளியேறப் பார்த்தார்கள். தலையிலிருக்கிற பூவோடு உசிலம்பட்டி வரைக்கும் போய்விட்டால் அப்புறம் யார் பின்னால் ஓடுவது? சூரியபிரகாஷ் வாசலை மறித்தார். கிரீஷிடம் ஜீப்பிலிருந்து கழிவுப் பையை எடுத்துவரச் சொன்னார். கிரீஷ் கையுறை, கண்ணாடி, வெள்ளைக் கோட்டு சகிதம் வந்து, மூன்று கொம்பு அபாய அடையாளம் போட்ட மஞ்சள் பையை விரித்துப் பிடித்தான். கூட்டத்தில் ஒரு பெரியம்மா தாம்பூலப் பை என்று நினைத்து ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது தனிக் கதை.

“ஒவ்வொருத்தரா வாங்க. பூவ இதுக்குள்ள போட்டுட்டு, அந்தப் பக்கம் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுப் போங்க.”

முதல் ஆளாக வந்தது மணப்பெண். பாண்டீஸ்வரி விறுவிறுவென்று தலையிலிருந்து பூவை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். நர்சிங் படிக்கிற பிள்ளை, விஷயம் புரிகிறது என்று நினைத்தார் சூரியபிரகாஷ். ஆனாலும், பூ வைக்க வேண்டிய நாளில் வெறுந்தலையோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்க அவருக்கு மனசு என்னவோ செய்தது. அவர் வீட்டிலும் ஒரு பெண் வளர்கிறாள்.

“சார்,” தங்கப்பொண்ணு மறுபடி வந்தாள். “மாப்பிள்ள வீட்டுலருந்து கொண்டாந்த பூவும் அதே தட்டுலதான் இருந்துச்சு. சேலையும் பக்கத்துல இருக்கு.”

“எந்தப் பூ?”

“பொண்ணுக்கு வைக்கிற பூ சார்.”

சூரியபிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டார். விதி விதிதான். பொண்ணுக்கு வைக்க வேண்டிய பூ மஞ்சள் பைக்குள் போனது. பூ இருந்த தட்டைச் சுத்தம் செய்ய கிரீஷ் பிளீச் தெளித்தான். நாலு சொட்டு தள்ளி விழுந்தது. அரக்குப் பட்டில் பொட்டுப் பொட்டாக வெள்ளை பூத்தது.



“என் சேல!” கனகலட்சுமி மார்பில் அடித்துக்கொண்டார். “நான் பாத்துப் பாத்து எடுத்த சேலடா! டேய் நல்லகாமா, என்னடா நடக்குது ஒன் வீட்டுல?”

“அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா…”

மாப்பிள்ளை ஜெயபாண்டி மட்டும் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

எப்படியாவது இந்தம்மாவை அமைதிப்படுத்த வேண்டும் என்று சூரியபிரகாஷ் துடித்தார். “அம்மா, பெரிசா ஒண்ணும் ஆகாது. வயித்தால போனாலும் ரெண்டு நாள்ல நின்னுரும்.”

“சார், பத்து நாள் கண்காணிப்பு?” என்று தங்கப்பொண்ணு நினைவுபடுத்தினாள்.

“ஆங், ஆமா. பொண்ணையும் வீட்டு ஆளுங்களையும் பத்து நாள் கண்காணிக்கணும். யாரும் யார் வீட்டுக்கும் போக வேணாம். அம்புட்டுதான்.”

அம்புட்டுதான், போதாதா? கனகலட்சுமி எழுந்தார். கொண்டுவந்த பழத்தட்டு, வெற்றிலைத்தட்டு எல்லாவற்றையும் திருப்பி எடுக்கச் சொன்னார். “கண்காணிப்புல இருக்கற பொண்ணு என் வீட்டு வாசப்படி ஏற வேணாம். பூ வைக்கும்போதே பூவப் புடுங்கின சம்பந்தம் எனக்கு எதுக்கு?” வேன் கிளம்பிப் போனது. நல்லகாமன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கப்பொண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

அன்றைக்கு சூரியபிரகாஷுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கையுறை போட்டுக் கலைத்துவிட்டு வந்திருக்கிறோமே, அடப்பாவி, இதற்கா படித்தோம் என்று மனசு அறுத்தது. வேறு மாதிரிப் பேசியிருக்கலாமோ? வாசலை மறிக்காமல் இருந்திருக்கலாமோ? அந்தப் பிளீச்சையாவது நாமே தெளித்திருக்கலாமோ?

மூன்றாம் நாள் கிரீஷ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“சார், பூவ எல்லாம் சோதிச்சாச்சு. நம்ம கிருமி ஒண்ணுகூட இல்ல.”

“நல்லதுதானே.”

“ரேக்கையும் எண்ணிட்டேன். ரெஜிஸ்டர்ல நாப்பது, ரேக்லயும் நாப்பது. ஒடைஞ்சது நம்ம கணக்குலயே இல்லாத டியூப் சார். யாரோ பயிற்சிக்கு வந்த பிள்ளைங்க வச்சுட்டுப் போன காலி டியூப்பா இருக்கும்.”

சூரியபிரகாஷுக்கு உலகமே சுற்றியது. நாற்பது வரைக்கும் எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழித்திருந்தால் அந்தப் பெண் தலையில் இந்நேரம் பூ இருந்திருக்கும்.

அன்றைக்கே உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினார். சோதனை அறிக்கையில் முத்திரை குத்தி, உறையில் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கனகலட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அம்மா, கிருமி இல்லைன்னு எழுத்துலயே கொண்டாந்திருக்கேன். பொண்ணு சுத்தம்.”

“ஏய்யா, ஆட்டுக்கும் மாட்டுக்கும் சீட்டு குடுக்கற மாதிரி எங்க தம்பி மகளுக்குச் சீட்டு குடுக்குறீரா?” என்றார் அந்தம்மா. “அன்னைக்குச் சேலையக் கெடுத்தீரு. இன்னைக்கு மானத்தக் கெடுக்க வந்தீரா?”

வாழைப்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் காலை தங்கப்பொண்ணு கழுவும் அறையில் கண்ணாடிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சூரியபிரகாஷ் போய் நின்றார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“என்னை மன்னிச்சிருங்கம்மா. ஒண்ணுமில்லாத டியூப்ப வச்சு உங்க மக வாழ்க்கையவே கெடுத்துட்டேன்.”

“விடுங்க சார். நடந்தது நடந்துபோச்சு. அவ நேத்தே காலேஜுக்குக் கெளம்பிட்டா.”

“பாருங்க, அந்தப் பிள்ள மனசு எம்புட்டு ஒடைஞ்சிருந்தா வீட்டுல இருக்கப் பிடிக்காம ஓடியிருக்கும்! இல்லம்மா, நான் விடமாட்டேன். நேத்து அந்தம்மா பழத்த வாங்கி வச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் எறங்கி வாராங்கன்னு அர்த்தம். நாளைக்கு டைரக்டரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். கால்ல விழுந்தாவது சம்மதிக்க வச்சு, அதே மாப்பிள்ளையோடயே இந்தக் கல்யாணத்த நடத்திக் காட்டறேன். இது என் பொறுப்பு.”

தங்கப்பொண்ணு கையிலிருந்த குப்பி நழுவப் பார்த்தது. அதைப் பத்திரமாக மேசையில் வைத்தாள். நிதானமாகக் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அங்கிட்டு மட்டும் போயிராதீங்க. இன்னொரு டியூப்புல பச்சத்தண்ணிய ஊத்தி ஒடைக்க எனக்குத் தெம்பு இல்ல.”