ஒரு கப் என்றால் எத்தனை கிராம்

இனி இந்த வீட்டில் கப் கணக்கு கிடையாது, எல்லாம் கிராம்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர்காரர் அறிவித்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனுஷன். தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குப் போகாதவர். அவருக்கு ஏன் திடீரென்று இந்த ஞானோதயம் என்று கேட்கிறீர்களா? காரணம் செருப்பு அலமாரியில், பழைய பூட்ஸுக்குள் கிடந்தது. மனைவியின் அளவுக் கப், நாலு துண்டாக.

"இன்னிக்கு ஒரு நாளாவது பாத்திரத்தை நீங்க கழுவுங்களேன்" என்று முந்தின நாள் அவள்தான் சொன்னாள். கழுவும்போது கப்பின் காது கையோடு வந்துவிட்டது. மீதி தொட்டியில் விழுந்து சிதறியது. கல்யாணமான புதிதில் அவரே ஆசையாக வாங்கி வந்த ஜோடிக் கப். ஜோடியில் முதலாவதை உடைத்த புண்ணியவானும் இவரேதான். அன்றைக்கு அவள் சாயங்காலம் முழுக்க அழுதாள். அப்புறம் பத்து வருஷம் சொல்லிக் காட்டினாள். சொல்லிக் காட்டியதைக்கூடத் தாங்கிவிட்டார் பாவம், அந்த அழுத முகத்தைத்தான் இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

புதுத் தராசை மேடைமேல் வைத்தார்.

"கேக்குக்கு ரெண்டு கப் மாவுங்க. எத்தனை கிராம்?"

"உன் கப் இருநூறு மில்லி. அப்போ நானூறு கிராம்."

"தண்ணிக்குச் சரி. மாவுக்குமா?"

"இருபது வருஷமா நான் பார்க்காத அளவா?"

"சரிங்க. அப்போ நீங்களே நிறுத்துக் குடுங்க."

மாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு போய்விட்டது. கேக்கில் கத்தி இறங்கவில்லை. அவர் அதை உடைத்துத் தின்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அடுப்படியிலிருந்து அவள் கூப்பாடுதான். சர்க்கரை எத்தனை, எண்ணெய் எத்தனை, அரை ஸ்பூன் உப்பு எத்தனை. நோட்டும் கையுமாக நின்று நிறுத்துக் கொடுத்துவிட்டு, வேலைக்கு ஓட்டமாக ஓடினார். கப் எங்கே என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவரை அரித்தது. நம்பிக்கொண்டிருக்கிறவளை ஏமாற்றுகிறோமே என்று ராப்பகலாக நொந்துபோனார்.

நாலாவது ஞாயிறு துண்டுகளைக் கொண்டுவந்து அவள்முன் கொட்டினார்.

"நான்தான் உடைச்சேன். ரெண்டாவதையும் நான்தான். மன்னிச்சுடும்மா."

அவள் காதுத் துண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "இந்த மஞ்சள் கோடு என்னங்க?"

"பசை மாதிரி இருக்கு."

"பசைதான். நீங்க கழுவுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி என் கையிலேருந்து விழுந்துச்சு. ஒட்டி வெச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"முதல் கப்புக்குப் பத்து வருஷம் உங்களைப் பேசியாச்சு. எந்த மூஞ்சியோட சொல்றது? அதான் உங்களைக் கழுவச் சொன்னேன்."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் அழவில்லையே, அதுவே போதும் என்று இருந்தது.

"அப்போ நாளையிலேருந்து நான் அடுப்படிக்கு வர வேண்டாம்ல?"

அவள் தராசை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் அளக்கறதுக்குக் கப் எங்கங்க இருக்கு?"