பாய்ப் பலகையும் இரவல் கம்பளியும்

நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் வீரம் காட்டக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், எண்பதுகளில் ஒரு டிசம்பர் ஞாயிறன்று மட்டும் மறந்துபோயிற்று.

அப்போது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். கொழுந்து பறிக்கும் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவள் அப்பா சவரிமுத்து கங்காணியோ, பேனா பிடிக்கிறவனுக்குத் துணிச்சல் இருக்காது என்று சொல்லி இழுத்தடித்தார். (என்னைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.)

அந்த வாரம் துரை பங்களாவுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், படகுப் பாய் கட்டிய பலகையில் ஏறி நின்று, எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த நீர்த்தேக்கத்தில் காற்றோடு பறந்தார். பல் கிட்டிப்போகும் குளிரில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போன அழகை என்னால் மறக்கவே முடியாது. மாதா கோயில் பூசை முடிந்து கங்காணி குடும்பம் கரைவழியே வரும் நேரம் பார்த்து, எனக்கும் ஒரு தரம் தரச் சொல்லிக் கேட்டேன். நீந்துவேன் என்று கூசாமல் பொய்யும் சொன்னேன்.

அவர் குளிருக்குத் தடித்த ரப்பர் உடுப்பு போட்டிருந்தார். எனக்கேது ரப்பர்? மழையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையோடு போர்த்துகிற கம்பளி ஒன்றைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இரவல் வாங்கி, உடம்பில் சுற்றி, இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வெள்ளைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். பெரிய மனுஷனாகக் கையமர்த்தினேன்.

பலகையில் நான் நின்ற நேரத்தில் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம்கூட முழுதாகச் சொல்ல முடியாது. விழுந்தேன். கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்து என்னை அடியில் அழுத்தியது. செத்தேன் என்று அலறியபோது, யாரோ இறங்கி வந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார்கள். பார்த்தால் ஸ்டெல்லா.

“எந்திரிங்க. இடுப்பளவு தண்ணிதான்,” என்றாள். “நனைஞ்ச கம்பளி என்னா கனம் கனக்கும்னு ஆபீசுல இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்?”

உண்மைதான். அந்தக் கனத்தோடும் முதுகில் கூடையோடும் இவர்கள் நாள் முழுக்க மலையேறுகிறார்கள். நான் தினமும் ஆபீசில் கணப்பு நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் மேலிருந்த பிரமிப்பில் பெரும்பங்கு அந்த இடத்திலேயே இவர்கள் பக்கம் வந்துவிட்டது.

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவர நம்பி ஒன்னய எப்படிம்மா குடுக்குறது?”

ஸ்டெல்லா கம்பளியைப் பிழிந்தபடியே சொன்னாள்: “அவரு என்னயப் பாத்துக்க வேணாம்ப்பா. நான் அவரப் பாத்துக்கிறேன்.”

ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் குளிக்கத் துண்டை எடுத்தால் போதும், பிள்ளைகள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள்: “அம்மா, அப்பா தண்ணிக்குப் போறாரு, பாத்துக்குங்க.”